நிறத்தைக் கடைசியில் பார்

சிட்னியின் டூங்காபியில் குடியிருந்தவரை காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அங்கே களிமண். மழை பெய்தால் செருப்பில் அப்பும், வெயிலடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனால் வாழை, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் வளரும். மகளின் பள்ளிக்கூடத்துக்காக ஹார்ன்ஸ்பி பக்கம் வந்தோம். (சிட்னித் தமிழர்கள் வீடு மாறுவதற்கு வேறு காரணம் உண்டா என்ன?) வந்த கையோடு கொல்லையில் வாழை வைக்கக் கடப்பாரையைப் போட்டேன். முழங்கை ஆழம்கூட இறங்கவில்லை, ணங்கென்று கல். தள்ளிப் போய்க் குத்தினாலும் கல்தான். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இங்கே எல்லோரும் தொட்டியில்தான் செடி வைப்போம்" என்றார்.

பின்வேலிக்குத் தூண் நடக் கல்லை அறுக்க வேண்டியிருந்தது. வேலைக்கு வந்தவர் இத்தாலிய வம்சாவளிப் பெரியவர். முகமூடி போட்டுக்கொண்டு, ரப்பர் குழாயை என் கையில் கொடுத்து, வட்ட ரம்பம் ஓடும்போது தண்ணீர் நிற்கவே கூடாது என்றார். நான் ஒரு நிமிடம் பராக்குப் பார்த்ததும் ரம்பத்தை நிறுத்திவிட்டார். "இந்தத் தூசி உள்ளே போனால் வெளியே வராது" என்றார். அவருடைய பாட்டனார் சிட்னியில் சாக்கடைச் சுரங்கம் தோண்டியவராம். நாற்பது வயதைத் தாண்டவில்லையாம். பிறகு தேடிப் படித்தேன். நகரத்துக்கு அடியில் சுரங்கம் குடைந்த கல் வெட்டும் தொழிலாளர்கள் நுண்ணிய குவார்ட்ஸ் தூசியைச் சுவாசித்து, நுரையீரல் இறுகிச் செத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இழப்பீடு வழங்க நியூ சவுத் வேல்ஸ் அரசு 1920-ல் சிலிகோசிஸ் நோய்க்கென்றே தனிச் சட்டம் போட்டது. நூறு வருடம் கழித்து அதே நோய் சமையலறை மேடைக்கல் அறுக்கும் இளைஞர்களிடம் திரும்பி வந்து, 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லையே ஆஸ்திரேலியா தடை செய்தது. எங்கள் கொல்லையில் கிடந்தது இயற்கைக் கல்தான். ஆனாலும் தூசி தூசிதான். அன்று முதல் காய்ந்த மணற்கல்லை நான் தட்டி உடைப்பதில்லை.

அறுத்த முகத்தைக் கழுவியபோதுதான் முதல்முறையாக அந்தக் கல்லைச் சரியாகப் பார்த்தேன். வெளியே பாசி பிடித்த சாம்பல் நிறம். உள்ளே வெளிர் மஞ்சள். அதன் குறுக்கே வெங்காயத்தை நறுக்கினால் தெரியும் வளையங்கள்போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சிவப்புக் கோடுகள். இவை மணல் படிந்தபோது உண்டான அடுக்குகள் அல்ல. கல்லான பிறகு, அதன் துளைகளில் ஊறிய நிலத்தடி நீர் இரும்பைக் கரைத்து எடுத்துவந்து, காற்று கிடைத்த இடங்களில் துருவாக இறக்கி வைத்துவிட்டுப் போன தடம். லீசெகாங் வளையங்கள் என்று பெயர். லீசெகாங் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1896-ல் கண்ணாடித் தட்டில் பூசிய ஜெலட்டினில் இதேபோன்ற வளையங்களை உண்டாக்கிக் காட்டினார்.

கல்லின் பெயர் ஹாக்ஸ்பரி மணற்கல். வயது சுமார் 24 கோடி வருடம். சில இடங்களில் ஏறக்குறைய 290 மீட்டர் தடிமன். அப்போது ஆஸ்திரேலியாவும் அன்டார்டிகாவும், நம் இந்தியாவும்கூட, ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. தென்மேற்கிலிருந்து பெரிய பெரிய ஆறுகள் மணலை அள்ளிவந்து இங்கே கொட்டின. அந்த மணலில் ஒரு பகுதி இன்றைய அன்டார்டிகா பக்கத்திலிருந்து வந்தது என்று அதிலுள்ள சிர்கான் துகள்களின் வயதை வைத்துச் சொல்கிறார்கள். சிட்னி நகரத்தின் பழைய கம்பீரமெல்லாம் இந்தக் கல்தான். பிர்மாண்ட் குவாரிகளில் வெட்டியெடுத்து மார்ட்டின் பிளேஸ் தபால் நிலையத்தைக் கட்டினார்கள். அந்தக் குவாரிகளுக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர்கள் சொர்க்கம், உத்தரிக்கிற ஸ்தலம், நரகக் குழி. கல் எவ்வளவு பாடு படுத்தியதோ அதற்கேற்ற பெயர். மணப்பாட்டுக் கத்தோலிக்கக் கோயில் மணி காதில் விழும் தூரத்தில் வளர்ந்தவன் என்பதால் நடுப் பெயரை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புதிதாக வெட்டும்போது வெளுத்திருக்கும் அந்தக் கல், கட்டடத்தில் ஏறிக் காற்றுப்பட்டதும் தேன் நிறத்துக்கு மாறும். கல்லுக்குள் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் கொஞ்சம் இருக்கிறது. அது துருப்பிடிக்கிறது, அவ்வளவுதான். சிட்னிக்காரர்கள் பெருமையோடு படமெடுக்கும் பொன்னிறம் முழுக்கத் துரு.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கு-ரிங்-காய் பக்கம் சிலரைக் கூட்டிக்கொண்டு நடப்பார். தேசியப் பூங்காவில் கல்லை எடுத்துப்போவது குற்றம் என்பதால் அவர் பையில் வீட்டுத் தோட்டத்துக் கற்களாகவே இருக்கும். ஒரு சிவந்த கல்லைக் கையில் வைத்து, "இது என்ன?" என்பார். "சிவப்புக் கல்" என்று யாராவது ஆரம்பித்தால் கையமர்த்துவார். நிறத்தைக் கடைசியில் பார், முதலில் மணியைப் பார் என்பது அவர் பாடம். மணி என்றால் கல்லின் துகள்.

கட்டைவிரலால் தேய். நெறுநெறுவென்று சர்க்கரை போலத் துகள் உதிர்ந்தால் மணற்கல். வழவழவென்று இருந்து, மூச்சை ஊதினால் மண்வாசனை வந்தால் களிமண் கல். பட்டாணி, மொச்சை அளவில் கூழாங்கற்கள் பதிந்திருந்தால் அது வேறு இனம். அடுத்தது பழைய சாஸ் பாட்டில்: கல்லை அதில் இழுத்தால் கீறல் விழுகிறதா? விழுந்தால் துகள் குவார்ட்ஸ். பிறகு ஒரு சொட்டு வினிகர். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. கடைசியாகக் குளியலறை ஓடு ஒன்றின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்து, விழும் கோட்டைப் பார்க்கச் சொல்வார். கோடு செங்காவியாக வந்தால் இரும்பு ஹேமடைட் என்ற ஆக்சைடாக இருக்கிறது. மஞ்சள் பழுப்பாக வந்தால் அதே இரும்பு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. கல் முகத்தில் தெரியும் நிறமும் ஓட்டில் விழும் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்: கன்னங்கரேலென்றிருந்த ஒரு இரும்புக்கல் ஓட்டில் குங்குமக் கோடு போட்டது.

அந்த வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். தேரிக்காடு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: திருச்செந்தூருக்குத் தெற்கே போனால் கடலுக்குக் கொஞ்சம் உள்ளே, கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்ற மணல்மேடு, நடுநடுவே பனை. காற்றடித்தால் சட்டை, சோறு, பாடப் புத்தகம் எல்லாம் சிவக்கும். அந்த ஊர்க்காரியை ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். 1980களில் எழுந்த கோயில். சிட்னித் தமிழர்களுக்கு முதல் பெரிய கோயில் அதுதான். சேவித்துவிட்டு, கேன்டீனில் தோசையும் புளியோதரையும் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் செய்வதுபோல நாங்களும் பால்ட் ஹில் மேட்டுக்குக் கடல் பார்க்கப் போனோம். 1894-ல் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டங்களைக் கட்டித் தன்னைத் தரையிலிருந்து தூக்கவைத்த கடற்கரை கீழே தெரியும். அம்மா கடலைப் பார்க்கவில்லை. சாலைக்காக வெட்டிய சரிவின் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

"ஏல, இங்கன பாரு. நம்ம தேரி மண்ணுல்லா இது! இதை எவன்ல இங்க கொண்டாந்து கொட்டுனான்?"

செங்காவிச் சரிவு. சாக்லேட்டும் காவியும் கலந்த நிறம். மகள் ஒரு சில்லை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தாள். விரலில் மணல் நெருடவில்லை, குழைந்த சிவப்புச் சேறுதான் ஒட்டியது. அம்மாவும் தொட்டுப் பார்த்தாள். "இல்ல, இது தேரி இல்ல. தேரி ஒட்டாது. இது பொட்டு மாதிரி ஒட்டுது" என்று தானே தீர்ப்பைத் திருத்திக்கொண்டாள். ஆசிரியை பாட்டிலும் ஓடும் வைத்து நடத்திய பாடத்தை அம்மா இரண்டு விரலில் முடித்துவிட்டாள்.

அந்தப் பாறைக்குப் பெயரே பால்ட் ஹில் களிப்பாறைதான். அந்த மேட்டை வைத்து இட்ட பெயர். ஹாக்ஸ்பரி மணற்கல்லுக்குக் கீழே, அதைவிடக் கொஞ்சம் மூத்தது. வடிவம் தெரியாமல் சிதைந்த எரிமலைப் பாறைத் துகள்கள் வெள்ளச் சமவெளியில் படிந்து, வெயிலிலும் மழையிலும் மாறிமாறிக் கிடந்து, இரும்பு முழுவதும் ஹேமடைட்டாகி, களிமண் கயோலினாகி மிஞ்சிய பழைய மண். அந்த அடுக்கு அங்கிருந்து வடக்கே சாய்ந்து நகரத்துக்கு அடியில் ஆழத்தில் ஓடி, மறுபக்கம் காலராய் அருகே லாங் ரீஃப் முனையில் கடல்மட்டத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. அங்கே போய்ப் பார்த்தால் அலை தட்டித் தேய்த்த தரையே காவியாக இருக்கும்.

பால்ட் ஹில்லிலிருந்து தெற்கே இறங்கினால் கோல்கிளிஃப். பெயருக்கேற்ப அங்கே கடலோரப் பாறையிலேயே நிலக்கரி தெரியும். மகளுக்கு நான் சொல்ல ஆசைப்பட்ட கதை அந்தச் சரிவில் கீழிருந்து மேலாக எழுதியிருந்தது: கீழே கறுப்பு நிலக்கரி, அது முடிந்த இடத்துக்குச் சற்று மேலே 25.2 கோடி வருடத்துக்கு முன் நடந்த பேரழிவு, உலகத்து உயிரினங்களில் பெரும்பகுதி ஒழிந்த காலம். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு கோடி வருடம் உலகத்தில் எங்குமே நிலக்கரி படியவில்லை. நிலக்கரி ஆவதற்கான சதுப்புக் காடே இல்லாமல் போயிருந்தது. அந்த வெறுமையான காலத்து மண்தான் அம்மா விரலில் ஒட்டிய பொட்டு. மகள் பாதியில் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துவிட்டாள்.

இந்தச் சரிவுகளால் தொல்லையும் உண்டு. உறுதியான மணற்கல்லுக்கு இடையிடையே மெத்தென்ற களிப்பாறை அடுக்குகள். களிப்பாறை முதலில் கரைகிறது, பிடிமானம் போய் மணற்கல் பாளமாக விழுகிறது. கற்கள் சாலையில் விழுந்து விழுந்து 2003-ல் அந்தக் கடலோரச் சாலையையே மூடினார்கள். மலையோடு மல்லுக்கட்டாமல் கடலுக்கு மேலே வளைத்துப் பாலம் கட்டி 2005 டிசம்பரில் திறந்தார்கள். இன்று எல்லாத் தமிழ்க் கல்யாண ஆல்பத்திலும் இருக்கும் சீ கிளிஃப் பாலம் அதுதான்.

அம்மா இருந்த அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கல் பைத்தியம் முற்றியது. நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கிய சிவப்புக் கல்லையெல்லாம் கொண்டுவந்து காட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை கல்லே அல்ல, செங்கல். உடைந்த செங்கல்லை அலை உருட்டி முட்டையாக்கிவிட்டால் பெரியவர்களுக்கே சந்தேகம் வரும். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: அடுக்கே இருக்காது, சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் இருக்கும், மூலை மழுங்காத சில்லுகள் தாறுமாறாகப் பதிந்திருக்கும். ஆனால் செங்கல்லும் இந்தக் கதையில் சேர்த்திதான். ஹோம்புஷில் 1911-ல் தொடங்கிய அரசாங்கச் செங்கல் சூளை, 1988 வரை, சிட்னியின் சாம்பல் நிற ஷேல் களிப்பாறையைத் தோண்டி அரைத்துச் சுட்டது. சாம்பல் கல் சூளையில் சிவப்பானது. உள்ளேயிருந்த இரும்பு நெருப்பிலும் காற்றிலும் ஹேமடைட்டானது. நிலம் ஆயிரக்கணக்கான வருடங்களில் செய்வதைச் சூளை சில நாளில் செய்தது. ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கத்து நம் ஆட்களின் பழைய சிவப்பு வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். அந்தச் சூளைக்குத் தோண்டிய குழியே இப்போது ஒலிம்பிக் பூங்காவில் தவளைகளுக்கான இடம்.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனபோது எனக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது: தேரி மணலின் சிவப்பு துகளுக்கு உள்ளேயா மேலேயா என்று பார்ப்பது. ஆஸ்திரேலியாவுக்குள் மண் கொண்டுவர முடியாது, ஆகவே சோதனையை உடன்குடியிலேயே செய்தாக வேண்டும். தேரியில் ஒரு பிடி மணலை அள்ளி வந்து, தண்ணீரில் அலசி, கண்ணாடி டம்ளரில் போட்டு, கடையில் விற்கும் கக்கூஸ் ஆசிட்டை முங்கும்வரை ஊற்றி, மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் வைத்தேன். "படிச்ச பய செய்யுற வேலையா இது? பிள்ளைங்க நடமாடுற இடத்துல" என்று அத்தை சத்தம் போட்டாள், நியாயம்தான், டம்ளர் பரணுக்குப் போனது. மறுநாள் காலையில் ஆசிட் மஞ்சளாகியிருந்தது. அதை இறுத்து, மணலைப் பல தண்ணீரில் கழுவி வெள்ளைத் தட்டில் கொட்டினேன். சிவப்பு போய்விட்டது. கற்கண்டை நுணுக்கியதுபோல நிறமற்ற குவார்ட்ஸ் துகள்கள். நடுவே மிளகுத் தூளாக இல்மனைட்டின் கறுப்புத் துகள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு துகள்களின் சின்னப் பள்ளங்களில் மட்டும் பழைய சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய செங்காட்டின் நிறமும் ஒவ்வொரு துகள் மேலும் தடவிய, நகத்தால் கீற முடியாத மெல்லிய தோல். அம்மா தட்டைப் பார்த்து, "அப்போ நம்ம தேரி வெள்ளையா?" என்று கேட்டாள். சட்டென்று என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

தேரி இன்னும் கல்லாகவில்லை, அது மணல். நம் பக்கத்தில் சிவப்பான படிவுக் கல் வேண்டுமென்றால் கடலூர் மணற்கல்லைச் சொல்லலாம். திருவக்கரையில் மரங்கள் கல்லாய்க் கிடப்பதும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதும் அந்த இனம்தான். புதுக்கோட்டைப் பக்கம் வீட்டுச் சுவருக்கு அடுக்கும் செம்புறாங்கல்லை இதோடு சேர்க்கக் கூடாது. அது எங்கிருந்தும் வந்து படிந்ததல்ல. நின்ற இடத்திலேயே பாறை மழையில் சத்தெல்லாம் கழுவப்பட்டு, இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சி இறுகியது. பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் பார்த்து, 1807-ல் வெளியான நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயர் கொடுத்தார். துளைதுளையாக இருக்கும், மணி தெரியாது. நிறத்தை மட்டும் பார்த்தால் இது, தேரி, ஹெலன்ஸ்பர்க் சரிவு, ஹோம்புஷ் செங்கல் நான்கும் ஒரே ஜாதி.

மெல்போர்னில் என் சித்தப்பா மகன் இருக்கிறான், டான்டினாங் பக்கம். போனால் கடற்கரைக்குக் கூட்டிப்போவான். பிளாக் ராக்கில் ஹாஃப் மூன் பே என்று ஒரு குடா. அதன் ஓரத்தில் ரெட் பிளஃப். மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக நிற்கும் செங்குத்து மேடு. சிட்னிக் கல்லைப் பார்த்துப் பழகிய கைக்கு அது கல்லாகவே தோன்றவில்லை, அத்தனை பூஞ்சை. சில பத்து லட்சம் வருடம்தான் வயது. மணல் இறுகவில்லை; இரும்பு பசைபோலப் பிடித்த இடங்களில் மட்டும் கறுத்த சிவப்பில் பாளமாகவும் குழாயாகவும் துருத்திக்கொண்டு நிற்கிறது. மழை மற்றதைக் கரைத்து வாய்க்கால் வெட்டியிருக்கிறது. விளிம்புக்குப் போகாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், காரணமில்லாமல் அல்ல. எதிரே கடலில் செர்பரஸ் என்ற பழைய இரும்புப் போர்க்கப்பல் அரைகுறையாய் மூழ்கிக் கிடக்கிறது. 1871-ல் மெல்போர்னைக் காக்க வந்த கப்பல், 1926-ல் அலைதடுப்பாக அங்கே அமிழ்த்தப்பட்டது. அதன் துருவும் மேட்டின் சிவப்பும் ஒரே பொருள் என்று தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, லீவுக்கு வந்த இடத்துல பாடம் எடுக்காதீங்க" என்றான்.

ஆனால் அன்று ராத்திரி அவனே ஷோகேஸைத் திறந்து ஒரு கல்லை எடுத்து வந்தான். உள்ளங்கையில் அடங்கும் செங்கல் நிறக் கல். நடு ஆஸ்திரேலியாவில் உலுரு பாறைக்குப் போனபோது பாறையடியில் கிடந்ததாம். 2019 அக்டோபரில் அந்தப் பாறைமேல் ஏறுவதற்குத் தடை வருவதற்கு முந்தைய வருடம்.

சமையலறை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் துருத் தோல், செதில் செதிலாக. மறுபக்கம் உடைந்த முகம், சாம்பல். அதில் குவார்ட்ஸ் துகள்களுக்கு இடையே சின்னச் சின்னத் தட்டை முகங்கள், கல்லைத் திருப்பினால் விளக்கில் பளிச்சிட்டன. ஃபெல்ட்ஸ்பார். இது நிறைய இருந்தால் அந்த மணற்கல்லுக்கு ஆர்கோஸ் என்று பெயர். ஃபெல்ட்ஸ்பார் சீக்கிரம் களிமண்ணாகிவிடும் பொருள். அது கெடாமல் இருக்கிறதென்றால், கிரானைட் மலை ஒன்று வேகமாக அரித்து, அதிகத் தூரம் உருளாமல் கிட்டத்திலேயே கொட்டியிருக்கிறது. ஹாக்ஸ்பரி மணல் பல நூறு மைல் உருண்டு தேறியது. இது 50 கோடி வருடத்துக்கும் மேல் பழசு, ஆனால் பயணம் குறைவு. உலகமே சிவப்பு என்று நினைக்கும் அந்தப் பாறை உள்ளே சாம்பல்.

"இதை அங்கேயிருந்து எடுத்தது தப்பு, தெரியுமில்லையா?" என்றேன்.

"அப்புறம்தான் தெரிஞ்சது. அனங்கு மக்களுக்கு அது கோயில். ரொம்பப் பேர் திருப்பி அனுப்பிடுறாங்களாம், மன்னிப்புக் கடிதம் வச்சு. அந்தக் கல்லுகளுக்கு அங்க 'மன்னிப்புக் கல்'னே பேராம்."

"நீ ஏன் அனுப்பலை?"

"தனியா எழுத வெட்கமா இருந்துச்சு, அண்ணே."

கடிதத்தை அவன் மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆங்கிலத்தில் நாலே வரி. எங்கே எடுத்தோம் என்பதை முடிந்தவரை சரியாகக் குறிக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள், இருந்த இடத்திலேயே போட அவர்களுக்கு வசதியாக இருக்குமாம். அவனுடைய பழைய படங்களைத் தோண்டி எடுத்து, பின்னால் தெரியும் தண்ணீர்க் குட்டையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கல்லைப் பழைய துண்டில் சுற்றி, காலணி டப்பாவில் வைத்து, மறுநாள் தபாலில் போட்டோம். கவுன்டரில் இருந்த பெண் டப்பாவைத் தூக்கிப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்டாள். தம்பி என்னைப் பார்த்தான்.

"ஆர்கோஸ்" என்றேன். அவள் 'கல்' என்று தட்டிக்கொண்டாள்.